என் ஒரு மார்க்கைத் திருப்பிக் கொடுங்கள், அண்ணாச்சி

போன் குழுவில் ஞாயிறு ராத்திரிக் குவிஸ் நடத்தும் தூத்துக்குடி அண்ணாச்சிக்கும், அதில் கலந்துகொள்ளும் முன்பின் தெரியாத நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன வாரம் பதினோராவது கேள்வியில் எனக்கு வரவேண்டிய ஒரு மார்க் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல். அண்ணாச்சிக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் "சரி விடுங்க ப்ரோ, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரு கைகூப்பும் பொம்மையோடு முடிந்துபோகும். ஸ்கோர் தகராறை நாலு பேர் பார்க்கத்தான் தீர்க்க வேண்டும். மூலையில் கூட்டிப்போய்ப் பேசினால் தீராது.

கேள்வி இதுதான்: "ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் முதன்முதலில் இரட்டைச் சதம் அடித்தவர் யார்?" கேள்வி விழுந்து மூன்று விநாடி ஆகியிருக்காது, சச்சின், சச்சின், சச்சின் என்று ஆலங்கட்டி மழை மாதிரிக் கொட்டியது. நான் ஒற்றை விரலால் தட்டுகிற ஆள். எல்லாரும் அடித்து ஓய்ந்தபிறகு "பெலிண்டா கிளார்க், 1997" என்று போட்டேன். நாலைந்து சிரிப்புப் பொம்மைகள் வந்தன. ஒரு தம்பி, "அது லேடீஸ் கணக்கு ப்ரோ" என்றார். நீங்கள், "விடை: சச்சின், 2010, குவாலியர்" என்று அறிவித்துவிட்டுப் பன்னிரண்டாவது கேள்விக்குப் போய்விட்டீர்கள். கடைசியில் ஒரே மார்க்கில் ஆரணிக்காரர் இந்த வாரக் கேப்டன் ஆனார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனிதர், நிறையத் தெரிந்தவர். ஆனால் அந்தப் பட்டம் ஒரு வாரத்துக்கு என் பெயருக்கு முன்னால் இருந்திருக்க வேண்டியது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 1997 டிசம்பர் 16, மும்பை பாந்த்ரா கிழக்கில் இருக்கும் எம்ஐஜி மைதானம். மகளிர் உலகக் கோப்பை அந்த வருஷம் நம் நாட்டில் நடந்தது. ஆஸ்திரேலியாவும் டென்மார்க்கும் மோதின. ஆஸ்திரேலிய கேப்டன் பெலிண்டா கிளார்க் 155 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 229. அணி 3 விக்கெட்டுக்கு 412. டென்மார்க் 49 ரன்னில் சுருண்டது. சச்சின் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 147 பந்துகளில் 200 தொட்டது 2010 பிப்ரவரி 24. நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஒரு மணி நேரம் முன்னே பின்னே என்றால் சண்டை போடலாம், பன்னிரண்டு வருஷத்துக்கு என்ன சண்டை?

வேடிக்கை என்னவென்றால், சச்சின் வளர்ந்த சாகித்ய சகவாஸ் குடியிருப்பும் அதே பாந்த்ரா கிழக்குதான். இரண்டு பேருக்கும் ஒரே வருஷம், 2023இல், மைதானத்தில் சிலை வைத்தார்கள்: கிளார்க்குக்குச் சிட்னியில் ஜனவரியில், சச்சினுக்கு வான்கடேயில் நவம்பரில். இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவரைத்தான் நம் குவிஸுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அண்ணாச்சி. நம் எல்லாருக்கும் மனப்பாடமான எண் 194. பாகிஸ்தானின் சயீத் அன்வர், 1997 மே 21, சேப்பாக்கம். கால் இழுத்துக்கொண்டு, தனக்காக ஓட அப்ரிடியை ரன்னராக வைத்து ஆடியது, கடைசியில் சச்சின் பந்தில் கங்குலி பிடித்த கேட்ச், எல்லாம் நம் ஆட்கள் ஒப்பிப்பார்கள். "அந்த 194 பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உலக சாதனையாக நின்றது" என்று நீங்களே ஒரு வாரம் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அது நின்றது ஏழு மாசம்கூட இல்லை. அதே வருஷக் கடைசியில், அதே நாட்டில், 229 அடித்தாகிவிட்டது. 2011இல் சேவாக் இந்தூரில் 219 அடித்தபோது உலக சாதனை என்று வெடி வெடித்தோம். அப்போதும் 229 மேலேதான் இருந்தது. 2014 நவம்பரில் ஈடன் கார்டனில் ரோஹித் 264 அடித்த பிறகுதான் ஒருநாள் ஆட்டத்தின் மிகப் பெரிய எண் கிளார்க் கையிலிருந்து போனது. பதினேழு வருஷம் வைத்திருந்தார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதினேழு வருஷம் அவர்தான் விடை.

சரி, கோபம் கொஞ்சம் இறங்கியது. நம் கூட்டம் எனக்கு ஏன் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது வெறும் பிராது ஆகிவிடும்.

ஆட்டம் நடக்கும்போது உங்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவீர்கள். மழை வந்து ஆட்டம் நின்றால்தான் ரொம்பப் பிடிக்கும். மைதானத்தில் தார்ப்பாய் விரித்ததும் நம் ஆட்கள் கடையை விரிப்பார்கள். யாராவது ஒருவர் 1992 உலகக் கோப்பையின் சிட்னி அரையிறுதியை எடுப்பார்: 13 பந்தில் 22 ரன் என்று இருந்த தென்னாப்பிரிக்கா, மழை விட்டுத் திரும்பியபோது பலகையில் ஒரு பந்தில் 22 என்று தெரிந்த கதை. உடனே ஆரணிக்காரர், "பலகை தப்பு, தேவை 21" என்பார். அந்த ஒரு ரன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரிந்தும், சொல்லாமல் இருக்க முடியாது அவரால். எனக்கும் அதே வியாதி.

அவர்தான் எம்.ஜே.கோபாலன் கதையை ஒரு மழை ராத்திரி சொன்னவர். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் அன்றைக்கே முடிந்துபோனது, மதராஸ் ஜெயித்தது. கோபாலன் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு அரை நிமிஷம் யாரும் எதுவும் போடவில்லை. பிறகு சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் தம்பி, "சச்சின் 200 அடிச்ச குவாலியர் கிரவுண்டு பேரு கேப்டன் ரூப் சிங். அவரு ஹாக்கி பிளேயருங்க, தியான் சந்தோட தம்பி" என்றார். அதைத் தொட்டு 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸ், அமெரிக்காவை 24-1 என்று அடித்தது, அதில் ரூப் சிங் மட்டும் பத்து கோல் என்று போய்க்கொண்டே இருந்தது. மழை விட்டதையே யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் தம்பியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒருநாள் ஒரு வரி போட்டார். அதற்குக் கீழே ஐம்பது பேர் வரிசையாக விசாரித்தோம். சொட்டு மருந்து எத்தனை வேளை, தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் விடாதீர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் பெயர் என்ன என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தது, எல்லாரும் அங்கே ஓடினோம். சொந்தக்காரர்களிடம்கூட இப்படிப் பட்டும் படாமலும் இருக்க முடிவதில்லை.

பெயர் கேட்காத வழக்கம் நல்லதுதான். ஆனால் அதனால் ஒன்று நடந்திருக்கிறது. நாலு வருஷமாக நீங்கள் எல்லாரும் என்னை ப்ரோ, தல, சார், அண்ணா என்றே கூப்பிடுகிறீர்கள். குற்றம் என்னுடையதும்தான். "தேர்ட் மேன்" என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வேறெப்படிக் கூப்பிடுவீர்கள்? ஸ்லிப்புக்குப் பின்னால், எல்லைக்கோட்டோரம், யாரும் கண்டுகொள்ளாத அந்த ஃபீல்டிங் இடம் எனக்குப் பிடிக்கும். அங்கிருந்து ஆட்டம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் காரணம். 2021இல் கிரிக்கெட் சட்டங்களை எழுதும் எம்சிசி "பேட்ஸ்மேன்" என்ற சொல்லை "பேட்டர்" என்று மாற்றியது. தேர்ட் மேனை மட்டும் மாற்றவில்லை. அது என்னைப் போலவே, மேனாகவே நின்றுகொண்டிருக்கிறது.

நான் மதுரைக்காரி. வயது ஐம்பத்து மூன்று. என் அண்ணனுக்குத் தெருவில் ஒரு டீம் இருந்தது. பதினோரு பேர் தேறாத நாளில்கூட என்னைச் சேர்க்க மாட்டார்கள். பத்துப் பேரோடு ஆடித் தோற்பார்கள், அது கௌரவம். எனக்கு மட்டை கிடைக்கவில்லை, பென்சில் கிடைத்தது. "நீ உக்காந்து எழுது" என்று அண்ணன் ஒரு நீள நோட்டைக் கொடுத்தான். கட்டம் போட்டு, ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஆறு பந்தும் புள்ளியாகப் போனால், மேலே மூன்று கீழே மூன்று என்று இருக்கும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஆங்கில எம் எழுத்து வரும்: மெய்டன். அந்த ஓவரிலேயே விக்கெட்டும் விழுந்தால் தலைகீழாக இணைத்து டபிள்யூ. கோலம் போடத் தெரிந்த எனக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை, ஆனால் ஆசை தீரவில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் டெஸ்டை ரேடியோவில் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதினேன். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கிரெக் மேத்யூஸ் அந்த வெக்கையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார். 348 அடிக்க வேண்டிய இந்தியா 347இல் நின்றது, மணிந்தர் எல்பிடபிள்யூ. ஆட்டம் இப்படிச் சமநிலையில், டை ஆக முடிந்தபோது கூட்டிப் பார்த்தேன், என் நோட்டில் இந்தியா இரண்டு ரன்னில் தோற்றிருந்தது. எங்கோ இரண்டு ரன்னை விட்டிருந்தேன். அந்த இரண்டு ரன்னை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

டை என்றதும் ஞாபகம் வருகிறது. போன தீபாவளி சமயம் ஒரு கேள்வி வந்தது. "ஒரே டெஸ்டில் 100 ரன்னும் 10 விக்கெட்டும் எடுத்த முதல் ஆட்டக்காரர்?" விடை ஆலன் டேவிட்சன், 1960 பிரிஸ்பேன், உலகத்தின் முதல் டை டெஸ்ட். டேவிட்சன் 44, 80 என்று அடித்து 11 விக்கெட் எடுத்தது நிஜம். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். 1958 பிப்ரவரி, மெல்பர்ன் செயின்ட் கில்டா மைதானம், ஆஸ்திரேலிய இங்கிலாந்து மகளிர் டெஸ்ட். ஆஸ்திரேலியா முதலில் ஆடி 38க்கு ஆல் அவுட். முப்பத்தெட்டு, அண்ணாச்சி. அவ்வளவுதான் என்று நினைத்தால், பெட்டி வில்சன் பந்தை எடுத்து 7 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தார், ஹாட்ரிக்கோடு. இங்கிலாந்து 35. மூன்று ரன் முன்னிலை! அடுத்த இன்னிங்ஸில் அவரே போய்ச் சதம் அடித்தார். திரும்ப வந்து இன்னும் 4 விக்கெட். டேவிட்சனுக்கு இரண்டு வருஷம் பத்து மாசம் முன்னால். இந்த ஒரு ஆட்டத்தை நோட்டில் எழுதக் கொடுத்துவைத்திருந்த ஸ்கோரர் யாரோ, அவரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 7 ரன்னுக்கு 7 விக்கெட் என்றால் எத்தனை புள்ளி, எத்தனை எம், எத்தனை டபிள்யூ! பக்கமே கோலமாக இருந்திருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை 1975 அல்ல, 1973. இங்கிலாந்துப் பெண்கள் ஜெயித்தார்கள். முதல் சர்வதேச டி20, 2005 ஆக்லாந்து அல்ல. 2004 ஆகஸ்ட் 5, ஹோவ், இங்கிலாந்து நியூசிலாந்து மகளிர். கால்பந்துக்காரர்களும் தப்ப முடியாது: 2021இல் ரொனால்டோ 109ஐத் தாண்டியதும், சர்வதேச ஆட்டத்தில் உலகிலேயே அதிக கோல் என்று படம் படமாகப் போட்டீர்கள். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் அப்போதே 180ஐத் தாண்டிவிட்டார், 2023இல் 190 கோலோடு ஓய்வு பெற்றார்.

இதை எல்லாம் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். போன ஞாயிறே வந்தது. "டென்மார்க் ஒரு டீமா ப்ரோ?"

நியாயமான கேள்விதான். டென்மார்க் பலமான அணி இல்லை. ஆனால் 1983 உலகக் கோப்பையில் கபில் தேவின் 175 யாருக்கு எதிராக? ஜிம்பாப்வே. அப்போது அவர்களுக்கு டெஸ்ட் தகுதியே கிடையாது, அது கிடைத்தது 1992இல். 1996 உலகக் கோப்பையில் கேரி கிர்ஸ்டன் 188 அடித்தது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக. 2015இல் கெயில் தாண்டும்வரை ஆண்கள் உலகக் கோப்பையின் அதிகபட்சம் அதுதான். யாரும் "அமீரகம் ஒரு டீமா" என்று கேட்டு அதைக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. ஸ்கோர் புக்கில் எதிரணியின் தரத்துக்கென்று கட்டம் கிடையாது.

"பந்து எடை கம்மி, எல்லைக்கோடு கிட்ட" என்று இன்னொருவர் சொன்னார். ஆமாம். மகளிர் பந்து 140 முதல் 151 கிராம், ஆண்கள் பந்து 156க்கு ஒட்டி ஆரம்பித்து 163 வரை. அது வேறு ஆட்டம் என்கிறீர்களா? நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம். வேறு என்றால் இரண்டுக்கும் அடைமொழி போடுங்கள். ஒன்றை "மகளிர் கிரிக்கெட்" என்றும் மற்றதை வெறும் "கிரிக்கெட்" என்றும் எழுதிவிட்டு, "கிரிக்கெட்டில் முதன்முதலில்" என்று கேள்வி கேட்டால் எப்படி? "ஆண்கள் ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம்" என்று கேட்டிருந்தால் நானும் சச்சின் என்றே போட்டிருப்பேன், கடைசி ஆளாக என்றாலும். ஐசிசியே 2023 போட்டிக்கு "ஆண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை" என்றுதான் பெயர் வைத்தது. உலகமே அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது, நம் ஞாயிறு குவிஸுக்கு மட்டும் இடம் போதவில்லையா?

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு ஆண்டி மர்ரியைத் தெரியும். 2017 விம்பிள்டனில் சாம் க்வெர்ரியிடம் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நிருபர் ஒருவர், 2009க்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிக்குப் போன முதல் அமெரிக்கர் க்வெர்ரி என்று ஆரம்பிக்கிறார். மர்ரி நடுவில் புகுந்து, ஆண் ஆட்டக்காரர் என்று திருத்துகிறார். செரீனா அதற்குள் எத்தனை கோப்பை தூக்கியிருந்தார்! இடுப்பு வலியோடு தோற்ற மனிதருக்கு அந்த நேரத்தில் அந்தத் திருத்தம் தோன்றியது. எனக்கு அவர் ஆட்டம் அவ்வளவு பிடிக்காது. ஆனால் அவர் நம் கூட்டத்தில் இருக்க வேண்டிய ஆள்.

நானும் ஒன்றும் தப்பே செய்யாதவள் இல்லை. கபிலின் 175க்குப் படப்பதிவு இல்லாததற்குக் காரணம் அன்றைக்கு பிபிசியில் வேலைநிறுத்தம் என்று இருபது வருஷமாகச் சொல்லித் திரிந்தேன். நம் கூட்டத்திலும் சொன்னேன். கோவில்பட்டியிலிருந்து ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: "1983 ஜூன் 18ஆம் தேதி நாலு மேட்ச் இருந்ததுங்களே. லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியா வெஸ்ட் இண்டீஸ், மான்செஸ்டர்ல இங்கிலாந்து பாகிஸ்தான். அத விட்டுட்டு டன்பிரிட்ஜ் வெல்ஸ்ல நம்மளயும் ஜிம்பாப்வேயும் புடிக்க யாரு வந்திருப்பா?" யோசித்துப் பார்த்தால், கேமரா வராததற்கு வேலைநிறுத்தம் எல்லாம் தேவையே இல்லை. 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன அணியைப் படமெடுக்க யாருக்கும் தோன்றாதது போதும். அன்றோடு அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். திருத்தினால் யாருக்கும் மூக்கு அறுந்துவிடாது என்று அன்று தெரிந்துகொண்டேன், எனக்கு அறுபடவில்லை.

ஆனால் ஒரு நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. 2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை.

முந்தின நாள் ராத்திரி கயானாவில் இந்தியா இங்கிலாந்தை ஆண்கள் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் அடித்திருந்தது. 29ஆம் தேதி பார்படோஸில் இறுதி ஆட்டம். நம் கூட்டம் தூங்கவே இல்லை. நான் மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை வந்து, சேப்பாக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இந்திய, தென்னாப்பிரிக்க மகளிர் டெஸ்ட், முதல் நாள். ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் இறங்கினார்கள். பிரிக்கவே முடியவில்லை. 292 ரன், மகளிர் டெஸ்டில் அதுவரை எந்தத் தொடக்க ஜோடியும் அவ்வளவு எடுத்ததில்லை. ஸ்மிருதி 149. ஷஃபாலி 194 பந்தில் இரட்டைச் சதம், கடைசியில் 205. என் பென்சில் முனை இரண்டு தடவை மழுங்கியது. பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளிக்கூடப் பெண், பத்துப் பன்னிரண்டு வயது, "என்ன ஆன்ட்டி எழுதறீங்க?" என்றாள். கட்டத்தைக் காட்டினேன். ஒரு மெய்டன் வந்தால் எம் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன், அன்றைக்கு அதற்கு அதிகம் வாய்க்கவில்லை. அவளே ஒரு ஓவரை எழுதுகிறேன் என்று வாங்கி எழுதினாள். பவுண்டரிக்கு நாலு என்று எழுதுவதற்குப் பதிலாக நாலு கோடு போட்டாள். அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

நாள் முடிவில் 4 விக்கெட்டுக்கு 525. டெஸ்டில் ஒரே நாளில் ஓர் அணி அதுவரை அதிகம் எடுத்தது இலங்கை ஆண்கள் அணி 2002இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக எடுத்த 509. அதையும் தாண்டிவிட்டது. இங்கே எந்த அடைமொழியும் வேண்டாம், ஆண் பெண் எல்லாம் சேர்த்துத்தான். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நின்று, ஒற்றை விரலால் தட்டி, உங்களுக்கு எல்லாம் போட்டேன்: "சேப்பாக்கத்தில் இப்போது உலக சாதனை. 525. நேரில் பார்த்தேன்."

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஒன்றே ஒன்று. அடுத்த செய்தி, "நாளைக்கு கோலி ஃபார்முக்கு வருவாரா?"

வந்தார், 76 அடித்தார், கோப்பையும் வந்தது, நானும் உங்களோடு சேர்ந்துதான் கத்தினேன். அதனால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவு வரை இழுத்த அந்த மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், தீப்தி பந்தில் கடைசிக் கேட்சை ஹர்மன்ப்ரீத் பிடித்தபோது, நீங்கள் போட்ட அழுகைப் பொம்மைகளை என் போனால் தாங்க முடியவில்லை. சிங்கப்பூர்த் தம்பி கிரேனை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம், அங்கே அப்போது விடியற்காலை இரண்டரை. அண்ணாச்சி, நீங்கள் அன்றைக்கு "எம்புள்ளைங்க ஜெயிச்சிட்டாங்க" என்று மட்டும் எழுதினீர்கள். அந்த வரியைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் "லேடீஸ் கணக்கு" என்று ஒருவர் சொன்னபோது நீங்கள் பேசாமல் இருந்தது எனக்கு உறைத்தது. உங்களுக்குத் தெரியாமல் இல்லை. கேள்வியைத் தயார் செய்தபோது தோன்றவில்லை.

ஆகவே என் கோரிக்கை: பதினோராவது கேள்விக்கு எனக்கு ஒரு மார்க். சச்சின் என்று போட்டவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம், கேள்வியே கோணல், அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு விடையும் சரி என்று அறிவித்தால் போதும். எனக்கும் ஆரணிக்காரருக்கும் சமநிலை, அதாவது டை. இந்த வாரக் கேப்டன் பட்டத்தை இரண்டு பேரும் வைத்துக்கொள்கிறோம். அவரைக் கேட்டேன், "பலகை தப்புன்னா திருத்தணும்ங்க, அக்கா" என்று ஒப்புக்கொண்டார். அக்கா என்று நாலு வருஷத்தில் முதல்முறை வந்தது. மற்றவர்கள் ப்ரோ என்றே தொடர்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, பழகிவிட்டது.

வழக்கப்படி கேப்டன் அடுத்த ஞாயிறு முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். ஆரணிக்காரர் அந்த முறையை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். கேள்வியை இப்போதே வைக்கிறேன், யாரும் மறைத்துக் கேட்டேன் என்று சொல்லக் கூடாது.

உலகக் கோப்பை கிரிக்கெட்டில் சதம் அடித்த முதல் தமிழ்நாட்டுக்காரர் யார்?

மூன்று விநாடிக்குள் ஸ்ரீகாந்த் என்று கொட்டும் என்று தெரியும். கொட்டட்டும். நாள் 2013 ஜனவரி 31, இடம் மும்பை, எதிரணி வெஸ்ட் இண்டீஸ், ரன் சரியாக 100. பெயரை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தேர்ட் மேன்
மதுரை